ஊரெல்லாம் அவர் கை

6 ஜனவரி, திங்கள்

அச்சாபீஸ் மேனேஜர் காலையில் ஆள் மூலம் ஒரு அட்டைப்பெட்டி கொடுத்தனுப்பியிருந்தார். உள்ளே என் வீட்டுக்காரருடைய டிபன் கேரியர், காக்கிச் சட்டை, ஒரு ஜோடி ரப்பர் செருப்பு, இந்த டைரி. வருஷா வருஷம் ஊழியர்களுக்குக் கொடுப்பதுதான். புதுவருஷ டைரிக்கு ஆவணியிலேயே தாள் வெட்டிவிடுவார்கள். இந்தத் தாளையும் அவர்தான் வெட்டியிருப்பார். இருபத்தைந்து வருஷம் கட்டிங் மிஷினில் நின்றவர். ஓரத்தில் விரலை ஓட்டிப் பார்த்தேன். பிசிறே இல்லை.

முதல் பக்கத்தில் கட்டம் போட்டிருக்கிறது. பெயர்: சங்கரேஸ்வரி. வயது: நாற்பத்தாறு. ஊர்: சிவகாசி. ரத்த வகை தெரியாது. அவசரத்துக்கு யாரை அழைப்பது என்ற கட்டத்தை விட்டுவிட்டேன்.

வீட்டுக்காரர் பெயர் வனராஜ். பிறவியிலேயே காது கேளாதவர். பேச்சும் கிடையாது. எங்களுக்குப் பிள்ளையும் இல்லை. போன நவம்பர் பதினேழாம் தேதி பஞ்சுக் காய்ச்சலில் போய்விட்டார்.

பஞ்சுக் காய்ச்சல் என்பது ஊர் வைத்த பெயர். டாக்டர்கள் எழுத்தும் எண்ணுமாக வேறு ஏதோ சொல்கிறார்கள். ஐந்து நாள் காய்ச்சல் அடிக்கும். நூற்றில் மூன்று நாலு பேருக்கு நுரையீரலில் இறங்கிவிடும். மற்றவர்கள் எழுந்து நடமாடுவார்கள். மூன்று நாலு மாதம் கழித்து ஒரு நாள் காதில் பஞ்சை வைத்து அடைத்தது போலிருக்கும். அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாக எதுவும் கேட்காது. நரம்பே பட்டுப்போய்விடுவதால் காது மிஷினும் பிரயோஜனப்படாதாம். உலகம் முழுக்க இதே கதை. அவரிடம் எடுத்துக்கொள்ளக் காது இல்லையென்று நுரையீரலை எடுத்துக்கொண்டது போல.

பாலிடெக்னிக் ஹாஸ்டல் ஒன்றை வார்டாக்கி வைத்திருந்தார்கள். வீட்டாரை உள்ளே விடவில்லை. நாலு நாள் கேட்டுக்கு வெளியே கஞ்சி பிளாஸ்க்கோடு நின்றேன். அவருக்குப் பேச வராது, கையால்தான் சொல்லுவார், எனக்குத்தான் புரியும் என்று வாட்ச்மேனிடம் சொன்னேன். எழுதிக் கொடுங்க என்றார். எழுதிக் கொடுத்தேன். ஐந்தாம் நாள் சீல் வைத்த பையைக் காட்டினார்கள்.

7 ஜனவரி, செவ்வாய்

குழாயில் தண்ணீர் வந்தது. ஆறு குடம் பிடித்தேன். பிடித்து முடித்த பிறகுதான் ஒரு ஆளுக்கு ஆறு குடம் எதற்கென்று தோன்றியது.

18 ஜனவரி, சனி

பக்கத்து வீட்டு மாரீஸ்வரிக்குக் காது போய்விட்டது. அவள் வீட்டுக் குக்கர் விசில் மேல் விசிலாக அடித்துக்கொண்டிருந்தது. ஓடிப்போய் அடுப்பை அணைத்தேன். அவள் அடுப்புக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து பூண்டு உரித்துக்கொண்டிருந்தாள். தோளைத் தொட்டதும் பதறித் திரும்பினாள். என்னைப் பார்த்து, "எனக்கு வந்திருச்சுக்கா" என்றாள். தெருமுனை வரைக்கும் கேட்டிருக்கும். தன் குரல் எவ்வளவு ஓங்குகிறதென்று அவளுக்கே தெரியவில்லை.

எங்கள் தெருவில் இப்போது பதினாலு பேர். நாடு முழுவதற்கும் வெடி செய்து அனுப்புகிற ஊரில் வெடிச் சத்தம் கேட்பாரில்லை.

எனக்கும் நவம்பர் கடைசியில் காய்ச்சல் வந்துபோனது. என் காது நன்றாகத்தான் இருக்கிறது.

23 ஜனவரி, வியாழன்

நகராட்சியிலிருந்து சுகாதார ஆய்வாளர் வந்தார். கூடவே ஜெபமணி அண்ணன். என் வீட்டுக்காரரோடு ஒரே அச்சாபீஸில் வேலை பார்த்தவர். அவருக்கும் பிறவியிலேயே கேட்காது.

பட்டாசு ஆலைகளை மூடி வைத்திருக்கிறார்கள். மருந்து அறையில் பொறி தெறித்தால் 'ஓடு' என்று யாராவது கத்த வேண்டும். கத்தினால் கேட்பதற்கு இப்போது ஆளில்லை. கைப்பேச்சு கற்றுக்கொண்டவர்களை மட்டுமே வேலைக்கு எடுக்கலாமென்று உத்தரவாம். பெண்கள் பள்ளிக்கூடத்தில் வகுப்பு நடத்தப் போகிறார்கள். ஜெபமணி அண்ணன் கற்றுக்கொடுப்பார். இன்னும் காது கேட்கிறவர்களுக்கு வாயால் எடுத்துச் சொல்லவும் கரும்பலகையில் எழுதவும் ஒரு ஆள் வேண்டும் என்றார் ஆய்வாளர்.

எனக்குத் தெரிந்ததெல்லாம் அடுப்படிப் பேச்சு, சோறு தண்ணீர் வா போ அவ்வளவுதான் என்று மறுத்தேன். ஜெபமணி அண்ணன் பையிலிருந்து சிலேட்டை எடுத்து எழுதினார். அவர் எழுதினால் வேற்றுமை உருபெல்லாம் இருக்காது. "தங்கச்சி தெரியும். வனராஜ் கை இருபது வருஷம் பார்த்தது."

எழுதிவிட்டு ஆய்வாளரிடம் கையால் ஏதோ சொன்னார். ஆய்வாளருக்குப் புரியவில்லை. நான் அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு கை அப்படி அசைவதைப் பார்த்து இரண்டு மாதத்துக்கு மேல் ஆகிவிட்டது.

வருகிறேன் என்று சொல்லிவிட்டேன்.

3 பிப்ரவரி, திங்கள்

முதல் வகுப்பு. அறுபது பேர் வருவார்கள் என்றார்கள்; நூற்றுப்பத்துப் பேர் வந்தார்கள். பாதிப் பேர் சின்னப் பிள்ளைகளின் பெஞ்சில் கால் இடிக்க உட்கார்ந்திருந்தார்கள். இன்றைக்கு நாலு சொல்: நெருப்பு, ஓடு, நில், உரசாதே.

'நில்'லுக்கு ஜெபமணி அண்ணன் இடது கையை நீட்டி, அதன் குறுக்கே வலது கையைக் கத்தி போல இறக்கினார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அது கட்டிங் மிஷின் பிளேடு. எங்கள் வீட்டில் அதற்குப் 'போதும்' என்று அர்த்தம். சோறு போடும்போது தட்டுக்கு மேலே அப்படித்தான் இறக்குவார். அது அவர் மட்டும் வைத்துக்கொண்டது என்றல்லவா நினைத்திருந்தேன்? அச்சாபீஸ்காரர்கள் எல்லோருக்கும் அதுதானாம். ஆரம்பித்துவைத்தது வனராஜ் என்று பிறகு எழுதிக் காட்டினார்.

நூற்றுப்பத்துப் பேரும் சேர்ந்து கையை இறக்கினார்கள்.

9 பிப்ரவரி, ஞாயிறு

எனக்கு எத்தனை சொல் தெரியுமென்று ஒரு தாளில் எழுதிப் பார்த்தேன். நூற்று நாற்பத்தொன்று. அதில் தொண்ணூறு சாப்பாட்டுச் சாமான். மிச்சத்தில் பாதி வா, போ, எடு, வை. 'சந்தோஷம்' தெரியும். 'வருத்தம்' எப்படிக் காட்டுவதென்று போன வாரம்தான் ஜெபமணி அண்ணனிடம் கற்றேன். இருபத்திரண்டு வருஷத்தில் அது தேவைப்படவில்லையா, அல்லது அவர் காட்டியபோது நான் பார்க்கவில்லையா என்று சொல்லத் தெரியவில்லை.

வெளியே போனால் நாங்கள் அவ்வளவாகப் பேசிக்கொள்வதில்லை. வீட்டில்தான்.

18 பிப்ரவரி, செவ்வாய்

மார்க்கெட்டில் புளி வாங்க நின்றேன். எனக்கு முன்னால் மஞ்சள் சேலை கட்டின ஒரு பெண். கடைக்காரருக்கும் கேட்காது, அவளுக்கும் கேட்காது. அவர் அள்ளிப் போடப் போட, அவள் இடது கையின் குறுக்கே வலது கையை இறக்கினாள். பிளேடு. கடைசியில் மணிக்கட்டில் ஒரு சின்னச் சொடுக்கு. அதுவும் அப்படியே இருந்தது. அந்தப் பெண்ணை நான் பார்த்ததே இல்லை. எங்கள் வகுப்புக்கு வந்த யாரிடமோ கற்றிருப்பாள்.

புளி வாங்காமல் அவள் பின்னாலேயே பஸ் ஸ்டாண்டு வரை நடந்தேன். வழியில் அவள் மூன்று பேரோடு பேசினாள். பூக்காரியிடம் 'நாளைக்கு' என்றாள். அதுவும் அவர் கைதான். பஸ் ஏறிப் போய்விட்டாள். திரும்பி வந்தால் புளிக்கடை அடைத்திருந்தது. ரசம் வைக்கவில்லை.

2 மார்ச், ஞாயிறு

கோயம்புத்தூரிலிருந்து தங்கச்சி செல்வி போன் செய்தாள். ஸ்பீக்கர் கெட்டுப்போய்விட்டது. தண்ணீருக்குள்ளிருந்து பேசுவது போலக் கேட்டது. இனிமேல் எழுதி அனுப்பு என்று சொல்லிவிட்டேன். போனைக் கடையில் கொடுத்தேன். ரிப்பேர் ஒன்றுமில்லை என்று எழுதித் திருப்பிக் கொடுத்துவிட்டான். அவனுக்கும் காது கேட்காது. அவன் எப்படிக் கண்டுபிடிப்பான்?

10 மார்ச், திங்கள்

ஜெபமணி அண்ணனை அருப்புக்கோட்டைக்கு அனுப்பிவிட்டார்கள். அங்கேயும் வகுப்பு ஆரம்பிக்க வேண்டுமாம். ஒரு மாதம் ஆகும். அதுவரை நான் மட்டும்தான். எல்லோரும் டீச்சர் என்கிறார்கள். மறுத்துச் சொல்லிப் பார்த்துவிட்டு விட்டுவிட்டேன்.

இன்று புதிதாக ஒரு பெண் சேர்ந்தாள். நாகஜோதி, சாத்தூர்க்காரி. வயது இருபத்தாறு இருக்கும். நர்ஸ். ஆறு வாரமாகக் கேட்கவில்லையாம். வார்டில் நோயாளிகளுக்கும் கேட்காது, எங்களுக்கும் கேட்காது, எங்கே வலிக்கிறதென்று கேட்கக்கூட முடியவில்லை என்று எழுதிக் காட்டினாள். கெட்டிக்காரி. மற்றவர்கள் நாலு சொல் பிடிக்கிற நேரத்தில் பதினைந்து பிடிக்கிறாள். வலி, மூச்சு, தாகம், எப்போதிலிருந்து. எனக்குத் தெரியாததைக் கேட்டால் ஜெபமணி அண்ணனுக்கு வீடியோ அனுப்பிக் கேட்டுச் சொல்கிறேன்.

வகுப்பு முடிந்ததும் பெஞ்சுகளை ஒழுங்காகத் தள்ளிப் போட்டுவிட்டுப் போனாள். யாரும் சொல்லவில்லை.

20 மார்ச், வியாழன்

ஊருக்குக் கிழக்கே மறுபடி திறந்த ஒரு ஆலையில் மருந்து காயப்போட்ட இடத்தில் புகை வந்திருக்கிறது. நம் வகுப்புக்கு வந்த ஒரு பெண் வாசலில் நின்று கையை உயர்த்தி 'நெருப்பு, ஓடு' என்று காட்டியிருக்கிறாள். எட்டுப் பேரும் வெளியே வந்த பிறகுதான் அறை வெடித்ததாம். சாயங்காலம் எட்டுப் பேரும் பள்ளிக்கூடத்துக்கு வந்து ஆளுக்கொரு வாழைப்பழம் கொடுத்தார்கள். எட்டு வாழைப்பழத்தை நான் என்ன செய்ய? நாகஜோதிக்கு நாலு கொடுத்தேன்.

அவருக்குச் சொல்ல வேண்டும் போலிருந்தது.

27 மார்ச், வியாழன்

வகுப்பு முடிந்து எல்லோரும் போனார்கள். நாகஜோதி மட்டும் நின்றாள். ஒன்று கேட்க வேண்டும் என்று வாயாலேயே பேச ஆரம்பித்தாள். எழுதிக் காட்டு, சத்தமாகப் பேசினால் வெளியே கேட்கும் என்று சைகை செய்தேன். வெளியே யாருமில்லை. இருந்தாலும் யாருக்குக் கேட்கப்போகிறது?

உட்கார்ந்து நோட்டில் நிறுத்தாமல் எழுதினாள். அந்தத் தாளைக் கிழித்து வாங்கி வந்துவிட்டேன். அதை அப்படியே இங்கே எழுதுகிறேன்.

"நவம்பர் மாசம் பாலிடெக்னிக் ஹாஸ்டல் வார்டுல எனக்கு டூட்டி. ஒருத்தர் இருந்தார். அம்பது வயசு இருக்கும். பேச வரல. கேஸ் சீட்டுல ஒண்ணும் எழுதல. கையை ஆட்டிக்கிட்டே இருந்தார். டிரிப்ஸ் ஊசியைப் பிடுங்கிருவாருன்னு பயந்து காயத்துக்குக் கட்டுற காஸ் துணியால ரெண்டு கையையும் கட்டில் கம்பியில கட்டிட்டோம். கட்டுனது நான்தான். மறுநாள் மத்தியானம் இறந்துட்டார். கட்டுறதுக்கு முன்னால ரெண்டு நாளா ஒண்ணையே திரும்பத் திரும்பக் காட்டினார். நோய்ல பெனாத்துறாருன்னு நெனச்சேன். இங்க வந்து உக்காந்த பிறகுதான் அது பேச்சுன்னு தெரியுது. அதுக்கு என்ன அர்த்தம் டீச்சர்? எனக்குத் தெரிஞ்சாகணும்."

எழுதி முடித்துவிட்டு எழுந்து நின்று அதைச் செய்து காட்டினாள். வலது சுண்டுவிரலைப் புருவத்தின் உள்முனையில் வைத்து வெளிப்பக்கமாக ஒரு கோடு இழுத்தாள். பிறகு வாசலைக் காட்டினாள். மறுபடி புருவம். மறுபடி வாசல்.

ஆள் எப்படி இருப்பார் என்று கேட்டேன். நல்ல உயரம் என்றாள். இடது கை மோதிரவிரலில் நுனி கிடையாது என்றாள்.

கட்டிங் மிஷினில் போன நுனி. கல்யாணமான இரண்டாம் வருஷம்.

அர்த்தம் தெரியாது என்று கை காட்டினேன். அது பொய்யில்லை. அந்தச் சைகையை அவர் என்னிடம் காட்டியதே இல்லை. அந்த ஆள் யாரென்று மட்டும் நான் சொல்லவில்லை.

28 மார்ச், வெள்ளி

உடம்பு சரியில்லை என்று மாரீஸ்வரி மூலம் வகுப்புக்குச் சொல்லி அனுப்பினேன். உடம்புக்கு ஒன்றுமில்லை.

30 மார்ச், ஞாயிறு

இரண்டு கையையும் கட்டினார்களாம். வாயில்லாத ஆளுக்குக் கையைக் கட்டினால் என்ன மிச்சம்? நான் கேட்டுக்கு வெளியே நிற்கிறேன். நூறடி இருக்குமா? எழுதிக் கொடுத்த சீட்டு எங்கே போயிற்று? அவள் படித்தவள்தானே, ஒரு ஆள் இத்தனை தடவை ஒன்றையே காட்டினால் ஏனென்று யோசிக்க வேண்டாமா? யாரிடமாவது கேட்டிருக்க வேண்டாமா?

அவள் மேல் அப்படி ஒரு ஆத்திரம் வருகிறது. முகத்தில் அடித்தது போலச் சொல்லிவிட வேண்டும், நீ கட்டியது என் புருஷனுடைய கை என்று.

ஆனால் சொல்லிவிட்டால் அவள் மறுபடி வரமாட்டாள். அவர் கடைசியாகச் சொன்னது இப்போது அவள் கையில் மட்டும்தான் இருக்கிறது.

31 மார்ச், திங்கள்

நாகஜோதியே வீட்டுக்கு வந்துவிட்டாள். உடம்பு எப்படி இருக்கிறதென்று பார்க்க வந்தாளாம். கையில் நாலு சாத்துக்குடி. நான் கேட்காமலே நாடி பிடித்துப் பார்த்தாள். சுவரில் மாட்டியிருந்த அவர் படத்தை அவள் பார்ப்பதற்கு முன்னால் அடுப்படிக்கு அழைத்துப் போய் உட்காரவைத்தேன்.

அந்தச் சைகையை இன்னொரு தடவை காட்டு, யோசித்துப் பார்க்கிறேன் என்றேன். காட்டினாள். வேகமாகச் செய்தாரா, மெதுவாகவா என்றேன். முதல் நாள் வேகமாக, இரண்டாம் நாள் மெதுவாக என்றாள். மெதுவாகச் செய்து காட்டு என்றேன். செய்தாள். முகத்தை எப்படி வைத்திருந்தார் என்றேன். அவள் கண்ணைக் கொஞ்சம் அகலமாக்கி, உதட்டை ஒரு பக்கமாகச் சுழித்துக்கொண்டு, மறுபடி செய்தாள்.

அந்த உதட்டுச் சுழிப்பு அவருடையது. என் அடுப்படியில், சாத்தூர்க்காரி முகத்தில்.

எட்டுத் தடவை செய்யச் சொன்னேன். எட்டுத் தடவையும் செய்தாள். காப்பி போட்டுக் கொடுத்தேன்.

4 ஏப்ரல், வெள்ளி

என்னவாக இருக்கும்? தலைவலி என்றால் நெற்றியைப் பிடித்துக் காட்டுவார். கண் என்றால் கண்ணைத் தொடுவார். வியர்வை துடைப்பதா? வெக்கையாக இருக்கிறது, வெளியே கொண்டுபோங்கள் என்றாரா? யார் மேலாவது கோபமா? பொட்டா? ஜெபமணி அண்ணனுக்கு வீடியோ எடுத்து அனுப்பலாம் என்று மூன்று தடவை போனை எடுத்து வைத்துவிட்டேன். போனில் தெரிந்துகொள்கிற விஷயமாகத் தோன்றவில்லை. நேரில் வரட்டும்.

இன்னொன்றும் எழுதிவிடுகிறேன். கல்யாணமாகி மூன்று மாதம் இருக்கும். சாத்தூரில் ஒரு கல்யாணத்துக்குப் பஸ்ஸில் போனோம். ஜன்னலுக்கு வெளியே எதையோ பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பிச் சந்தோஷமாகக் கையால் சொல்லிக்கொண்டே வந்தார். முன் சீட்டுப் பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள். ஒரு பையன் அவர் மாதிரியே கையை ஆட்டிக் காட்டினான். பஸ்ஸே சிரித்தது. நான் அவருடைய இரண்டு கையையும் பிடித்து என் மடியில் அழுத்திக்கொண்டேன். நான் ஆசையாகப் பிடித்தேன் என்றுதான் முதலில் நினைத்தார். அப்படித்தான் என்னைப் பார்த்தார். சாத்தூர் வரை விடாமல் பிடித்திருந்தேன். எங்கேயோ அவருக்குப் புரிந்துவிட்டது.

அதற்கப்புறம் பஸ்ஸில் ஏறினால் இரண்டு கையையும் அக்குளில் செருகிக்கொள்வார். கோயில், கல்யாணம், மார்க்கெட், எங்கே போனாலும் அப்படித்தான். இருபத்தொரு வருஷம்.

நாகஜோதி கட்டியது ஒரு நாள்.

8 ஏப்ரல், செவ்வாய்

பருப்புக் குக்கர் அடிப்பிடித்துக் கரிக்கட்டையாகிவிட்டது. புகையைப் பார்த்து மாரீஸ்வரிதான் ஓடிவந்து அணைத்தாள். நான் முன்னறையில் துணி மடித்துக்கொண்டிருந்தேன். மாரீஸ்வரி என் முகத்தை உற்றுப் பார்த்தாள். என் பக்கத்தில் உட்கார்ந்து மிச்சத் துணியை மடித்துக் கொடுத்துவிட்டுப் போனாள்.

புதுக் குக்கர் வாங்க வேண்டும். விசில் இல்லாததாக.

13 ஏப்ரல், ஞாயிறு

ஜெபமணி அண்ணன் அருப்புக்கோட்டையிலிருந்து வந்துவிட்டார். காலையிலேயே அவர் வீட்டுக்குப் போனேன். அவர் சம்சாரம் இட்லி வைத்தார்கள். சாப்பிட முடியவில்லை. ஒரு சைகைக்கு அர்த்தம் கேட்க வந்தேன் என்று சொல்லி, நாகஜோதி காட்டியதை அப்படியே செய்தேன். புருவம், வாசல். புருவம், வாசல்.

அண்ணன் சிரித்துவிட்டார். என் பக்கம் விரலை நீட்டினார். என்னைத்தான் ஏதோ கேட்கிறார் என்று நினைத்து, எனக்குத் தெரியாது, அதனால்தான் கேட்கிறேன் என்றேன். மறுபடியும் என்னைக் காட்டினார். எனக்குப் புரியவில்லை. என்ன சொல்கிறார் என்று யோசித்துக்கொண்டிருந்தேன். சட்டென்று எழுந்து வந்து என் வலது கை மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். அப்போதுதான் பார்த்தேன். என் சுண்டுவிரல் என் புருவத்தில் இருந்தது.

சிலேட்டில் எழுதினார். "தங்கச்சி பேர்."

கையாலும் சிலேட்டாலுமாக அவர் சொன்னதை என் வார்த்தையில் எழுதுகிறேன். கல்யாணமான மூன்றாம் நாள் வேலைக்கு வந்த வனராஜிடம் பெண் எப்படி என்று கேட்டார்களாம். நான் சொல்வது அவளுக்கு ஒன்றும் புரிவதில்லை, ஆனால் விடமாட்டேன் என்கிறாள், புரிகிற வரைக்கும் யோசிக்கிறாள், யோசிக்கும்போது விரல் இங்கே போகிறது என்று காட்டினாராம். அன்றைக்கு வைத்த பெயர். அச்சாபீஸில் காது கேளாதவர்கள் ஒன்பது பேர், அவர்கள் வீட்டார், விருதுநகர் காது கேளாதோர் சங்கத்துக்காரர்கள் எல்லோருக்கும் நான் அதுதானாம். இன்றைக்குப் புருவம் புளிக்குழம்பு வைத்தாள். புருவத்துக்குக் காய்ச்சல். புருவத்துக்கு ஒரு சேலை எடுக்க வேண்டும், என்ன நிறம் எடுக்கலாம்?

எனக்கு ஏன் தெரியாமல் போயிற்று என்று கேட்டேன். அண்ணனுக்கு அந்தக் கேள்வியே விசித்திரமாக இருந்தது. எதிரில் இருக்கிற ஆளைத் தொட்டுக் கூப்பிடுவோம், பேர் எதற்கு என்றார். பேர் என்பது இல்லாத ஆளுக்குத்தான் என்று எழுதினார். எழுதியதை அவரே படித்துப் பார்த்துவிட்டு, 'அங்கே இல்லாத' என்று திருத்தினார்.

பிறகுதான் அவருக்கு உறைத்திருக்க வேண்டும். இதை எங்கே பார்த்தாய் என்று கேட்டார். சொன்னேன். சிலேட்டைக் கீழே வைத்துவிட்டார்.

அவர் கேட்டது தண்ணீர் இல்லை. வலி என்றும் சொல்லவில்லை. என்னைக் கூப்பிடுங்கள் என்று இரண்டு நாள் சொல்லியிருக்கிறார். வாசலில்தான் நிற்பாள் என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது.

14 ஏப்ரல், திங்கள்

சித்திரை ஒன்று. நாகஜோதி வாடகைக்கு இருக்கிற அறைக்குப் போனேன். மாங்காய்ப் பச்சடி கொண்டுபோனேன். அவள் தலைக்குக் குளித்து முடி காயவைத்துக்கொண்டிருந்தாள்.

நீ கேட்ட சைகைக்கு அர்த்தம் தெரிந்துவிட்டது என்றேன். உட்கார்ந்தாள். அது ஒரு பெயர் என்றேன். யார் பெயர் என்றாள். கையால் சொல்லிவிடலாமென்றுதான் போனேன். கை வரவில்லை. வாயால் சொன்னேன். என் குரல் எப்படி வந்ததென்று எனக்குத் தெரியாது. அவள் என் உதட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என் பேரு."

அவளுக்குப் புரிய ஒரு நிமிஷம் ஆயிற்று. எழுந்து சுவரோரமாகப் போய் நின்றுகொண்டாள். மன்னிப்புக் கேட்க அவளுக்கு நாங்கள் சொல் கற்றுக்கொடுத்திருக்கிறோம், நெஞ்சில் கை வைத்து வட்டமாகத் தடவுவது. அதைச் செய்யக் கையைத் தூக்கினாள். பாதியில் கை நின்றுவிட்டது. அந்தக் கையால் செய்யக் கூசினாளோ என்னவோ.

போய் அவள் இரண்டு கையையும் பிடித்தேன். பிடித்ததும் அவள் மட்டுமில்லை, நானும் திடுக்கிட்டேன். உடனே விட்டுவிட்டேன். விட்டுவிட்டுப் பஸ்ஸில் நடந்ததைச் சொன்னேன். எல்லாவற்றையும், கையாலேயே. தெரியாத சொல் வந்த இடத்தில் நடித்துக் காட்டினேன். அவள் முழுவதையும் பார்த்தாள்.

கடைசியில் அவளே அவளுடைய நோட்டை எடுத்து எழுதினாள். "ரெண்டாம் நாள் நான் கஞ்சி ஊட்டினேன். நாலு கரண்டி குடிச்சார். போதும்னு இப்படிக் காட்டினார்." இடது கையின் குறுக்கே வலது கையை இறக்கினாள். "அதுக்கு அப்ப அர்த்தம் தெரியல. இப்ப தெரியுது."

நாலு கரண்டி. அது எனக்குத் தெரியாது. இவ்வளவு நாளும் பட்டினியாகப் போனார் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

பச்சடியை இரண்டு பேரும் சாப்பிட்டோம். வேப்பம்பூ கொஞ்சம் அதிகம்.

22 ஏப்ரல், செவ்வாய்

நாகஜோதி அவளுடைய மேட்ரனிடம் நடந்ததை எழுதிக் கொடுத்துவிட்டாள். கட்டினது தான்தான் என்று கையெழுத்துப் போட்டு. வேண்டாம் என்று சொல்லிப் பார்த்தேன். அவள் கேட்கவில்லை. மெமோ கொடுத்திருக்கிறார்கள். ஆனால் நேற்றிலிருந்து எல்லா வார்டிலும் ஒரு உத்தரவு ஒட்டியிருக்கிறது: கைப்பேச்சு தெரிந்த ஆள் பார்த்துச் சொல்லாமல் எந்த நோயாளியின் கையையும் கட்டக் கூடாது. கைப்பேச்சு தெரிந்த வீட்டாரைத் தடுக்கக் கூடாது.

காலையில் வகுப்பு, மத்தியானம் வார்டு என்று என்னையும் வரச் சொல்லியிருக்கிறார்கள். செல்விக்கு எழுதிப் போட்டேன். கடைசி வரியில், எனக்கும் காது கேட்கவில்லை, மார்ச்சிலிருந்தே என்று எழுதினேன். தெரியும் அக்கா என்று பதில் வந்தது.

5 மே, திங்கள்

பஸ் வர நேரமாகிவிட்டது. வார்டுக்குப் போய்ச் சேர மணி மூன்று. செருப்பைக் கழற்றி, கை கழுவி, மாஸ்க்கும் அங்கியும் போட்டுக்கொண்டு வாசலுக்கு வந்தேன். கடைசிக் கட்டிலில் புதிதாக ஒருவர், சைக்கிள் கடைக்காரர் போல விரலெல்லாம் கிரீஸ் கறை. எழுந்து உட்கார்ந்து இரண்டு கையாலும் எதையோ அவசரமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். எந்த ஊர்க் கையோ, நம் ஊர்க் கை இல்லை. நாகஜோதிக்குப் புரியவில்லை. ஆனால் அவள் பார்வையை எடுக்கவில்லை. அவர் மூச்சு வாங்கி நிறுத்தியதும் அவர் பக்கமாகக் குனிந்தாள். நான் வந்ததை அவள் பார்க்கவில்லை. அவளுடைய முதுகுக்குப் பின்னால் வாசலில் நின்றுகொண்டிருந்தேன்.

சுண்டுவிரலைப் புருவத்தில் வைத்து வெளியே இழுத்தாள். வாசலைக் காட்டினாள். வருவாள் என்றாள். மெதுவாக இன்னொரு தடவையும் சொன்னாள். கொஞ்சம் பொறுங்கள், வந்துவிடுவாள்.

அவர் வாசலைப் பார்த்தார்.